கல்லைத் தொட்டவர்கள்

அன்வர், என் பிள்ளை, நீ இருக்கும் ஊரில் அல்லாஹ் உன்னைச் சுகமாக வைக்கட்டும். அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்று உன் அக்கா ஷமீமா சொன்னாள். போனில் பேசினால் நீ “சுகம்தான் அம்மா” என்பாய், நான் “இங்கேயும் சுகம்தான்” என்பேன், அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உனக்கு மலையாளம் வாசிக்கிற வேகத்தில் தமிழ் வாசிக்க வராது என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை, மெதுவாகவே வாசி. வாசிக்கச் சலிப்பாக இருந்தால் வைத்துவிட்டுப் போய் வேலையைப் பார், பிறகு வந்து எடு. ஆனால் கடைசி வரை வாசித்துவிடு. கடைசியில் உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

நீ போனதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குப் போகிறேன், மாடிக்குப் போய் எதற்கு வந்தோம் என்று நிற்கிறேன். கீழே கிடங்கில் வேலியேற்றக் கடல் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கக் காரணமே இல்லாமல் இறங்குகிறேன். இந்த வருஷம் அமாவாசை, பௌர்ணமி என்று வாவுக்கு வாவு உப்புத் தண்ணீர் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து, காய்ந்த பிறகு தரையில் வெள்ளையாகக் கோடு போட்டுவிட்டுப் போகிறது. காலையில் சாயா குடித்துக்கொண்டே போனில் அறிவியல் செய்தி வாசிப்பது நீ பழக்கிவிட்ட பழக்கம். அதை மட்டும் விடவில்லை. ஆனால் அதுவும் முன்போல் இல்லை. நமக்குக் கீழே, பூமியின் நடுவில் இருக்கும் இரும்பு உருண்டை சுற்றுகிற வேகத்தை மாற்றிக்கொண்டு வருகிறது என்கிறார்கள். வெளிச்சமே எட்டாத கடலடியில் உருளைக்கிழங்கு மாதிரிக் கிடக்கும் உலோகக் கட்டிகள் ஆக்சிஜனை உண்டாக்குகின்றன என்று ஒரு கூட்டம் சொல்கிறது. கருவிக்குள் மாட்டிக்கொண்ட காற்றாக இருக்கும் என்று இன்னொரு கூட்டம் மறுக்கிறது. செவ்வாயில் ஒரு பாறைமேல் புள்ளி புள்ளியாக ஏதோ இருக்கிறது, அது உயிரின் தடமா வெறும் ரசாயனமா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. பாலைவனக் காற்றிலிருந்தே தண்ணீரைப் பிடிக்கும் படிகங்களைச் செய்தவர்களுக்குப் பெரிய பரிசு கிடைத்திருக்கிறது. முன்பெல்லாம் இவற்றை வாசித்தால் மனது குளிரும். இப்போது ஒவ்வொன்றையும் வாசித்து முடித்ததும் ஒரே கேள்விதான் வருகிறது. இதை முதலில் எடுத்தது யார், எந்தக் கையால் எடுத்தார்கள், அந்தக் கை அதற்கு முன்னால் எதைத் தொட்டிருந்தது?

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று உனக்கும் தெரியும். ஆனாலும் நடந்ததை நாம் இருவரும் முதலிலிருந்து கடைசிவரை ஒரு முறைகூடப் பேசியதில்லை. துண்டு துண்டாகப் பேசினோம், சண்டையாகப் பேசினோம், பாதியில் எழுந்துபோனோம். ஆகவே நான் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். எங்கேயாவது நான் தவறாகச் சொன்னால் ஓரத்தில் குறித்து வை.

வானத்திலிருந்து அந்தக் கல் விழுந்த செய்தி வந்தபோது நீ வடக்கே விண்கல் ஆய்வகத்தில் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பாலைவனத்தின் ஓரத்தில் ஒரு கிராமம், கடுகு வயல், பகல் நேரத்தில் வானத்தில் இடி மாதிரி சத்தம். உங்கள் குழுவில் வயது குறைந்தவன் நீ என்பதால் உன்னை ஓடச் சொன்னார்கள். நீ போய்ச் சேர்ந்து, வயலுக்குச் சொந்தக்காரியான கேசர் என்ற அம்மாளிடமிருந்து அதை வாங்கினாய். தேங்காய்ச் சிரட்டைக்குள் அடங்கும் அளவு, அடுப்புக் கரி நிறம். அதை அலுமினியத் தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறும்போதுதான் ஷமீமா கூப்பிட்டாள். உன் அத்தா மிளகு பஜாரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். நீ ஆய்வகத்துக்குப் போகவில்லை. அங்கிருந்து நேராக விமான நிலையம், நேராக எர்ணாகுளம் ஆஸ்பத்திரி. உன் முதுகுப் பையில் வானத்துக் கல் இருக்கிறது என்ற நினைப்பே உனக்கு அப்போது இருந்திருக்காது. எனக்கும் தெரியாது. நீ வந்து என் கையைப் பிடித்தாய், அது மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது.

அத்தா பிழைத்து வீட்டுக்கு வந்தார். டாக்டர் படி இறங்கக் கூடாது என்றார். வந்த மறுநாளே, நான் குளிக்கப் போன சமயம் பார்த்து, கீழே கிடங்குக்கு இறங்கிவிட்டார். புதுச் சரக்கு வந்திருந்தது. தன் கை படாமல் ஒரு மூட்டை கூட அந்தத் தெருவைத் தாண்டக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு. நான் ஈரத் தலையோடு ஓடிப் பார்த்தால், சாக்குக்குள் முழங்கைவரை கையை விட்டு மிளகை அள்ளி, உள்ளங்கையில் உருட்டி, ஊதி, ஒன்றைக் கடித்துக்கொண்டிருக்கிறார். நான் கத்திய கத்தலில் எதிர்க் கடை குஜராத்திக்காரர் எழுந்து வந்தார். ஒருவழியாக மேலே கூட்டிவந்து கட்டிலில் உட்கார வைத்தோம். என் திட்டிலிருந்து தப்பிக்கத்தான் அவர் உன் பக்கம் திரும்பினார் என்று நினைக்கிறேன்.

“எங்கெடா அந்த ஆகாசத்துச் சரக்கு? ஷமீமா சொன்னா. கொண்டா, பாக்கட்டும்.”

நீ பையிலிருந்து எடுத்துத் தாளைப் பிரித்துக் காட்டினாய். “கண்ணால பாருங்க அத்தா. தொடக் கூடாது. க்ளவுஸ் வேணும்.”

“நானா தொடக் கூடாது? அது வயல்ல மண்ணுக்குள்ளே கெடந்தப்போ க்ளவுஸ் போட்டுக்கிட்டா கெடந்துச்சு?”

நீ சிரித்துவிட்டாய், அவரும் சிரித்தார். ஆஸ்பத்திரி வாசலில் உன்னைப் பார்த்ததிலிருந்து நீ சிரித்தது அப்போதுதான். சிரித்துக்கொண்டே அவர் நீட்டிய கையில் கல்லை வைத்தாய். அவர் அதை மிளகை உருட்டுவதுபோலவே உருட்டினார். எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தார். உடைந்திருந்த பக்கத்தைப் பெருவிரலால் தேய்த்து மூக்குக்கருகே கொண்டுபோனார்.

“ஈரம் இல்லே. சரக்கு பழசு. எவ்வளவு பழசுடா?”

“பூமியெ விடப் பழசு அத்தா.”

“படச்சவனே!” என்றார். அப்படிக் கையில் ஒன்றை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்த அத்தாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கடைசியில் அவரே அதை உன் தாளில் வைத்து, “பத்திரமா கொண்டுபோ” என்றார். அடுத்த மாதம் மவுத்தாகிவிட்டார். நீ ஜனாஸாவுக்கு வந்தாய், கபரில் மண் போட்டாய், திரும்பிப் போனாய். எனக்குப் பணி ஓய்வு வந்து சும்மா இருந்த காலம் அது. நீ அங்கே ராப்பகலாக வேலை செய்கிறாய் என்று ஷமீமா சொல்வாள். துக்கத்தை வேலையில் ஆற்றிக்கொள்கிறான், நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு உன் செய்தி வந்தது. அந்தக் கல்லில், இதுவரை அப்படிப்பட்ட கல் எதிலும் அந்த அளவுக்குக் கிடைக்காத ஒரு பொருள் கிடைத்திருக்கிறது, உயிரின் மூலப்பொருள்களோடு உறவுள்ள, வளைய வடிவ மூலக்கூறு என்றாய். கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்டது. மலையாளப் பேப்பரில் உன் போட்டோ வந்தது. நீ ஊருக்கு வந்தபோது ஜமாஅத் ஹாலில் உனக்குப் பொன்னாடை போட்டார்கள். ஜமாஅத் பெரியவர் ஹம்சாக்கா மைக்கைப் பிடித்து, மட்டாஞ்சேரியில் இருந்து கப்பலேறிப் போனது மிளகும் ஏலமும்தான், இப்போது நம் பிள்ளையின் பெயரும் போகிறது என்று பேசினார். நான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அத்தா இல்லையே என்றுதான்.

அன்று வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், நீ மடிக்கணினியைத் திறந்து என் முன்னால் வைத்தாய். “அம்மா, நீங்களும் இதே மாதிரி மெஷின்லேதானே வாழ்க்கை பூரா இருந்தீங்க. பாருங்க.” ஆமாம், நான் வாழ்க்கையின் பாதியை மிளகுச் சாறு எடுக்கும் கம்பெனியின் சோதனைக் கூடத்தில், அந்த மலைமுகடு போன்ற கோடுகளுக்கு முன்னால்தான் கழித்தேன். நீ பெருமையோடு விரலால் ஒரு முகட்டைத் தொட்டுக் காட்டினாய். அதன் கீழே பெயர் எழுதியிருந்தது. பைப்பரிடின்.

மிளகின் காரம் பைப்பரின் என்ற பொருளில் இருக்கிறது. அதை அமிலத்தில் கொதிக்க வைத்தால் இரண்டாக உடையும். உடைந்த ஒரு துண்டுதான் பைப்பரிடின். அந்தப் பெயரே மிளகின் லத்தீன் பெயரிலிருந்து பிறந்தது. நீங்கள் கல்லைப் பொடித்து, சாறெடுத்து, அமிலத்தில் கொதிக்க வைத்திருக்கிறீர்கள். கல் இல்லாத வெறும் பாத்திரத்தையும் அதேபோல் கொதிக்க வைத்துப் பார்த்திருக்கிறீர்கள், அதில் ஒன்றுமில்லை. ஆய்வகத்தில் மிளகு ஏது? ஆகவே அது கல்லிலிருந்து வந்தது என்று எல்லோரும் முடிவு செய்தீர்கள். அந்த முடிவில் ஒரு பிழையும் இல்லை, கல் நேராக ஆய்வகத்துக்கு வந்திருந்தால்.

நான் “ரொம்ப நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு எழுந்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். எங்கே என்று நீ கேட்டதற்கு ஷமீமா வீட்டுக்கு என்றேன். ஜெட்டிக்குப் போய் எர்ணாகுளம் படகில் ஏறினேன். அக்கரையில் எல்லோரும் இறங்கினார்கள், நான் இறங்கவில்லை. படகுக்காரன், “உம்மா, எறங்குந்நில்லே?” என்றான். இல்லை மோனே, திரும்பிப் போகணும் என்றேன். அப்படியே திரும்பி வந்தேன். மட்டாஞ்சேரி வந்ததும் மறுபடியும் இறங்க மனமில்லை. தண்ணீரைப் பார்த்தபடி எனக்குள்ளேயே வாதாடினேன். ஒருவேளை நான் நினைப்பது தவறாக இருக்கலாம். கல்லிலேயே அந்தப் பொருள் இருந்திருக்கலாம், வானத்தில் என்னதான் இல்லை? சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? அந்த அறையில் இருந்தது மூன்று பேர். ஒருவர் கபரில். இன்னொருவன் நீ. பொன்னாடை இன்னும் உன் நாற்காலியின் முதுகில் கிடக்கிறது. ஆனால் நாளைக்கு வேறொரு நாட்டில் யாரோ ஒரு பெண், உன் கட்டுரையை நம்பி, தன் இளமையில் சில வருஷங்களை அந்த வளையத்தைத் தேடிச் செலவழிப்பாள். அவளை நினைத்ததும் உட்கார முடியவில்லை. அடுத்த முறை படகு கரையில் முட்டியதும் இறங்கிவிட்டேன்.

நீ இன்னும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாய். நான் கேட்டேன். “அன்வரே, இந்தக் கல்லை எடுத்த எடத்திலேர்ந்து நேரா லேபுக்குக் கொண்டுபோனதாவா எழுதியிருக்கே?”

நீ என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. “அம்மா, வேண்டாம்.”

“எது வேண்டாம்?”

“அதெ எடுக்க வேண்டாம்.” மடிக்கணினியை மூடினாய். பிறகு சொன்னாய், “எனக்குத் தெரியும்னு சொல்ல மாட்டேன். தெரியாதுன்னும் சொல்ல மாட்டேன். ஸ்கிரீன்லே அந்தப் பேரு வந்த உடனே எனக்கு மூக்கிலே அத்தா வாசனை வந்துச்சு. உடனே வேற ஜன்னலெத் திறந்து வேற வேலை பார்த்தேன். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் நெனப்பைப் போகவே விடலே.”

“ஏண்டா?”

“அத்தா கடைசியா சிரிச்சது அன்னைக்குத்தாம்மா. நானும் சிரிச்சேன். அந்த மத்தியானத்தெ ஒரு தப்புன்னு நான் எழுதணும். மாசுன்னு எழுதணும். அத்தா கையெ மாசுன்னு எப்படி எழுதறது?”

அன்வர், எனக்கு அந்த நிமிஷத்தில் உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. “தப்புன்னு எழுதாதே. நடந்ததுன்னு எழுது. நடந்ததெ நடந்த மாதிரி எழுதினா அதிலே யாருக்கும் கொறச்சல் இல்லே” என்றேன். நீ கோபப்பட்டாய். உங்களுக்கு என்ன, போகப் போவது என் வேலை என்றாய். ஆமாம், உன் வேலைதான் என்றேன். அமிலத்தில் கொதிக்க வைப்பதற்கு முன் எடுத்த சாறு மிச்சம் இருக்கிறதா, அதில் உடையாத பைப்பரினைத் தேடினீர்களா என்று கேட்டேன். நீ எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். மறுநாள் காலை ரயிலுக்கு முன்னால் என்னிடம் சாயா வாங்கிக் குடித்தாய், கிளம்பினாய். ஆனால் போய்ச் சேர்ந்ததும் நீ முதலில் செய்த காரியம் எனக்குத் தெரியும். கல்லின் வெளிப்பக்கத்திலிருந்து ஒரு சிட்டிகை, யார் விரலும் எட்டியிருக்க முடியாத நடுவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துச் சோதித்தாய். வெளிப்பக்கத்தில் உடையாத பைப்பரின் இருந்தது. நடுவில் அதன் சுவடே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நீ எனக்கு மிகக் குறைவாகத்தான் சொன்னாய். உங்கள் தலைமை ஆய்வாளர் எல்லோர் முன்னாலும் உன்னைத் திட்டியதையும், அச்சேறுவதற்கு முன்பே கட்டுரையை நீங்கள் திரும்பப் பெற்றதையும், ஒப்பந்தம் முடிந்ததும் அதைப் புதுப்பிக்காததையும் ஷமீமாதான் சொன்னாள். நீ பெட்டியோடு வந்து இந்த வீட்டில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்த மாதங்களை நான் மறக்க மாட்டேன். ஹம்சாக்கா பள்ளிவாசல் முன்னால் உன்னை நிறுத்தி, “அப்போ அந்தப் பொன்னாடை திரிச்சு தரணுமோ மோனே?” என்று தமாஷாகக் கேட்டதும், நீ வீட்டுக்கு வந்து அதை மடித்துக் கொண்டுபோய் நிஜமாகவே அவர் கையில் கொடுத்ததும், அந்த மனிதர் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடிவந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டதும் உனக்கு நினைவிருக்கும். அவர் போன பிறகு நீ சொன்னாய், “எனக்கு அது கோபம் இல்லேம்மா. என்னுது இல்லாத சாமான் வீட்டிலே இருக்கக் கூடாதுன்னு தோணிச்சு.” அன்றைக்குத்தான் எனக்கு உன்னைப் பற்றிய பயம் போனது. வேலை போனவனாக உன்னைப் பார்க்க எனக்கு வருத்தம்தான். ஆனால் பயம் போய்விட்டது.

இப்போது உனக்குக் கிடைத்திருக்கும் வேலையை நான் தெருவில் யாருக்கும் விளக்க முடிவதில்லை. சிறுகோளிலிருந்து கொண்டுவந்த தூள், அதை வைத்திருக்கும் அறை, அந்த அறையில் இருக்கக் கூடாதது ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறவன். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால்தான் நல்ல வேலைக்காரன். நேர்முகத்தில் மிளகுக் கதையை நீயே முதலில் சொன்னாயாம். கேட்டவர்கள் சிரிக்கவில்லையாம், தங்கள் கதைகளைச் சொன்னார்களாம். நீ இருக்கும் அந்த நாட்டு விண்கலம் அத்தனை கவனமாகக் கொண்டுவந்த துகளிலேயே நம் பூமியின் நுண்ணுயிர்கள் ஏறிக் குடித்தனம் நடத்தியதை வேறொரு ஆய்வகம் கண்டுபிடித்ததே, அதைப் பற்றிப் பேசினார்களாம். நல்லது. அங்கே போய் உன்னை மட்டும் சந்தேகப்பட்டுக்கொண்டு இருக்காதே. எதையும் சந்தேகப்படு, உன் கருவியை, உன் பாத்திரத்தை, உன் முடிவை. ஆனால் நீ நேர்மையானவனா என்று தினமும் கிளறிப் பார்க்காதே, அது முடிந்துபோன சோதனை. சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடு. கூட வேலை செய்கிறவர்கள் வீட்டுக்குக் கூப்பிட்டால் போ. மனதில் ஒரு வாசனை வந்து நீ வேறு ஜன்னலைத் திறக்கப் பார்த்தால், அந்த இடத்திலேயே நில், யாரையாவது கூப்பிடு. என்னைக் கூப்பிட்டாலும் சரி.

உன்னை நெடும்பாசேரி விமான நிலையத்தில் ஏற்றிவிட்டு வந்த பிறகு, வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் அந்தக் கிராமத்து நினைப்பு வந்தது. முடிவு தப்பு என்று ஆய்வாளர்களுக்குத் தகவல் போயிற்று, பேப்பர்காரனுக்குப் போயிற்று, ஜமாஅத்துக்கே போயிற்று. கல்லைக் கொடுத்தவளுக்கு யார் சொன்னார்கள்? உன்னிடம் கேட்டால் நீ இன்னொரு பாரத்தைத் தூக்கிக்கொள்வாய் என்று கேட்கவில்லை. ஷமீமாவிடம் சொன்னேன். “அம்மாவுக்கு வட்டாணோ, பைத்தியமா? போன் பண்ணிச் சொன்னாப் போதாதா?” என்றாள். சொல்லிக்கொண்டே லீவு போட்டாள், டிக்கெட் எடுத்தாள். எர்ணாகுளத்தில் ரயில் ஏறினோம், ஜன்னல் வழியே பச்சை குறைந்துகொண்டே போய் மண் மட்டும் மிஞ்சியது. வழி முழுக்க, என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. குஜராத்தி வீடுகளுக்கு நடுவில் வளர்ந்தவளுக்கு இந்தி பேச வரும், ஆனால் இந்தச் செய்தியைச் சொல்ல எந்த மொழியும் வரவில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் பள்ளிக்கூடச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது, ‘உயிரின் விதை வானிலிருந்து விழுந்த ஊர்’. பக்கத்தில் வால் வைத்த நட்சத்திரம் ஒன்று. கேசர் என் வயதுக்காரிதான், ஒல்லி, வெள்ளிக் காப்பு. நான் உன் அம்மா என்று சொன்னதும் கட்டில் போட்டு, மோர் கொண்டுவந்து வைத்தாள். அவள் கணவர் வந்தார், பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மிளகையும் சொன்னேன், உன் அத்தாவின் கையையும் சொன்னேன். உங்கள் கல்லில் நாங்கள் சொன்ன பொருள் இல்லை, அது எங்கள் வீட்டிலிருந்து ஒட்டிக்கொண்டது, பேப்பரில் வந்தது சரியில்லை, அதை நேரில் சொல்ல வந்தேன் என்றேன். வாத்தியாருக்கு முகம் விழுந்துவிட்டது. சுவரை என்ன செய்வது என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

கேசர்தான் கேட்டாள். “விதை இல்லை. சரி. கல் விழுந்தது நிஜம்தானே?”

“நிஜம். பூமியை விடப் பழைய கல்.”

“அப்போ அதை எழுதட்டும்” என்றாள் வாத்தியாரைப் பார்த்து. பிறகு என் கையைப் பார்த்தாள். உன் அத்தாவைப் பற்றிக் கேட்டாள், எப்படி இறந்தார், எத்தனை பிள்ளைகள் என்று. நான் சொன்னேன். அதன் பிறகு அவள் ஒரு விஷயம் சொன்னாள், சொல்வதற்கு முன் கணவரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். கல் விழுந்தபோது அவள் வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாளாம். புழுதி அடங்குவதற்கு முன்பே ஓடிப்போய்த் தொட்டாளாம். சில்லென்று இருந்ததாம், விடியற்காலைப் பானையைத் தொட்ட மாதிரி. சொன்னால் ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. நெருப்பாக எரிந்துகொண்டு வந்த கல் எப்படிச் சில்லென்று இருக்கும், இவள் பயத்தில் தொட்டே இருக்க மாட்டாள் என்று கணவர் இன்றுவரை கேலி செய்கிறார். அப்போதும், என் முன்னாலேயே, தலையை ஆட்டிச் சிரித்தார்.

“நான் தொட்டேன்” என்றாள் என்னிடம். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. “எனக்குப் பொய் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் எல்லோரும் சொல்லிச் சொல்லி, இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. உங்கள் பிள்ளை படித்தவன். அப்படி இருக்க முடியுமா முடியாதா என்று கேட்டுச் சொல்லுங்கள்.”

நான் மிளகு தெரிந்தவள், கல் தெரியாது. யோசித்துப் பார்த்து ஏதோ சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. என் பிள்ளையே பேசுவான் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆகவே இதுதான் உனக்கு நான் வைத்திருக்கும் வேலை. முடியும் என்றால் முடியும் என்று சொல், காரணத்தோடு சொல், அவள் கணவரும் கேட்கும்படி சொல். முடியாது என்றாலும் சொல், ஆனால் அதற்கு முன்னால் எங்கே தொட்டாள், எவ்வளவு நேரம் தொட்டாள், எந்தக் கை என்று அவளிடம் பொறுமையாகக் கேள். தெரியாது என்றால் தெரியாது என்று சொல், அவள் தாங்கிக்கொள்வாள். நம்பரை ஷமீமா உனக்கு அனுப்பியிருக்கிறாள். வயலிலிருந்து திரும்பி, சாயங்காலம் மாடுகளைக் கட்டிய பிறகுதான் அவள் போனை எடுப்பாளாம். அந்த நேரம் பார்த்துக் கூப்பிடு.